பொந்துவில் ஒரு மொட்டைக் கடுதாசி

கி.பி. 112 வாக்கில், கருங்கடலின் தென்கரையில், பொந்து என்ற பகுதியின் ஊர் ஒன்றில், மொட்டைக் கடுதாசி ஒன்று பொது இடத்தில் வைக்கப்பட்டது. எழுதியவர் பெயர் இல்லை. உள்ளே நிறையப் பேருடைய பெயர்கள் இருந்தன. இவர்களெல்லாம் கிறிஸ்தவர்கள் என்பதுதான் சேதி. மாகாணத்தின் ரோமானிய ஆளுநர் பிளினி விசாரணையில் இறங்கினார், பாதியில் குழம்பினார், பேரரசர் டிராஜனுக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினார். டிராஜன் சில வரிகளில் பதில் அனுப்பினார். இரண்டு கடிதங்களும் இன்றைக்கும் படிக்கக் கிடைக்கின்றன. கிறிஸ்தவர்களை வெளியே இருந்து பார்த்து, விசாரித்து, எழுதி வைத்தவர்களில் நமக்குக் கிடைக்கும் முதல் ஆள் பிளினிதான்.

கிறிஸ்தவம் ரோமப் பேரரசில் பரவிய கதையை நாம் வழக்கமாகக் கேட்பது அப்போஸ்தலர் பவுலின் பயணங்களிலிருந்து கிறிஸ்தவர்களைக் கொன்ற பேரரசர் நீரோவுக்கும், அங்கிருந்து சிங்கங்களுக்கும், கடைசியாகக் கிறிஸ்தவத்தை ஏற்ற பேரரசர் கான்ஸ்டன்டைனுக்கும் தாவும் கதையாகத்தான். இந்த வழக்கில் அவர்கள் யாரும் வருவதில்லை. பெயர் தெரிந்த ஒரு கிறிஸ்தவர்கூட இதில் கிடையாது. இதைத் துன்புறுத்தலின் ஆவணம் என்று படிக்கிறவர்கள் அதிகம், அதில் தப்பில்லை. ஆனால் இன்னொரு தடவை நிதானமாகப் படித்தால், இந்தக் கடிதத்தின் தகவல்களில் பெரும்பகுதி சபையை விட்டுப் போனவர்கள் சொன்னது என்பது தெரியும். ஒரு மதம் எப்படிப் பரவியது என்பதற்கு, அதிலிருந்து விலகியவர்களை விட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

மாகாணமும் ஆளுநரும்

பித்தினியா-பொந்து என்பது இன்றைய துருக்கியின் வடமேற்கில் தொடங்கி, கருங்கடலை ஒட்டியே கிழக்கே நீளும் மாகாணம். மேற்கில் நிக்கோமீடியா, நைசியா, புரூசா என்ற பெரிய நகரங்கள். கிழக்கே போனால் அமாஸ்திரிஸ், சினோப், அமிசுஸ் என்று துறைமுகங்கள். கிரேக்கம் பேசிய, காசு புழங்கிய ஊர்கள். நிர்வாகம் மட்டும் சீரழிந்து கிடந்தது. நிக்கோமீடியா நகரசபை ஒரு தண்ணீர்க் கால்வாய்க்கு 33,18,000 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) கொட்டியது. வேலை முடியவில்லை, கட்டியதையும் இடித்தாயிற்று. அப்புறம் இன்னொரு கால்வாய்க்கு 2,00,000 ஒதுக்கினார்கள், அதுவும் ஊற்றிக்கொண்டது. நைசியாவில் கட்டிய நாடக அரங்கம் ஒரு கோடி செஸ்டர்ஸுக்கு மேல் விழுங்கிவிட்டு, முடியும் முன்னே விரிசல் விட்டது. இந்தக் கணக்குகளைத் துருவத்தான் டிராஜன் தன் நம்பிக்கைக்குரிய ஆளை நேரடியாக அனுப்பினார்.

பிளினி இத்தாலியின் வடக்கே கோமோ ஏரிக்கரைக்காரர். 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த மூத்த பிளினி இவருக்குத் தாய்மாமா. தொழில் வழக்கறிஞர், வாரிசுச் சொத்து வழக்குகளில் புலி. 100ஆம் ஆண்டில் ரோமின் உயர்ந்த பதவியான கன்சலாக இருந்தவர். எதையும் கேட்டுச் செய்கிற சுபாவம். மாகாணத்திலிருந்தபோது அவருக்கும் டிராஜனுக்கும் இடையே போய்வந்த கடிதங்கள் மட்டும் நூற்றுக்கு மேல் மிஞ்சியிருக்கின்றன. ஒரு மாவட்ட ஆட்சியர் கழிவுநீர் வாய்க்காலை மூடுவதற்குக்கூடத் தலைமைச் செயலகத்துக்குக் கோப்பு அனுப்பினால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும் அந்தக் கட்டு. உண்மையிலேயே அமாஸ்திரிஸ் நகரத்தின் நாறிப்போன சாக்கடையை மூட அனுமதி கேட்டு ஒரு கடிதம் இருக்கிறது. கிறிஸ்தவர் விவகாரத்துக்கு டிராஜன் அனுப்பிய பதிலுக்கு அடுத்த கடிதமே அதுதான்.

அதே கட்டில் கொஞ்சம் முன்னால் வரும் ஒரு கடிதத்தைப் பார்த்தால்தான் இந்த வழக்கு புரியும். நிக்கோமீடியாவில் பெரிய தீ விபத்து. வீடுகள் போயின, இரண்டு பொதுக் கட்டிடங்கள் போயின. ஜனங்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள் என்று பிளினி எரிச்சலோடு எழுதுகிறார். ஊரில் ஒரு வாளிகூட இல்லை. 150 பேர் கொண்ட தீயணைப்புச் சங்கம் ஒன்று வைத்துக்கொள்ளலாமா, கைவினைஞர்களைத் தவிர வேறு யாரையும் சேர்க்காமல் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்கிறார். டிராஜன் மறுத்துவிட்டார். அந்த மாகாணத்தைக் கலக்கியதே இப்படிப்பட்ட கூட்டங்கள்தான். என்ன பெயர் வைத்தாலும், என்ன காரணத்துக்குச் சேர்ந்தாலும், கொஞ்ச நாளில் அரசியல் குழுவாக மாறிவிடும். தீயணைக்கும் சாமான்களை வாங்கி வை, வீட்டுக்காரர்களே அணைத்துக்கொள்ளட்டும். இதுதான் பதிலின் சாரம்.

பேரரசின் பயம் எங்கே இருந்தது என்பதை இது காட்டுகிறது. ஜனங்கள் எந்தக் கடவுளைக் கும்பிடுகிறார்கள் என்பதை விட, யார் யாரோடு சேர்கிறார்கள் என்பதில்தான் அரசுக்குக் கண். பிளினி மாகாணத்துக்கு வந்த பிறகு, டிராஜனின் உத்தரவுப்படி சங்கங்களைத் தடை செய்து ஆணை போட்டிருந்தார். கிறிஸ்தவர்கள் முதலில் அந்த ஆணையின் வலைக்குள்தான் வருகிறார்கள்.

முதலில் தண்டனை, அப்புறம் விசாரணை

ஆரம்பத்தில் யாரோ சிலரைக் கிறிஸ்தவர்கள் என்று பிளினியிடம் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தான் கிறிஸ்தவர்களின் வழக்கு எதிலும் இருந்ததில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அப்படியென்றால் ரோமில் அந்த மாதிரி வழக்குகள் நடந்துகொண்டிருந்தன என்று அர்த்தம். இவர்தான் போய்ப் பார்க்கவில்லை.

அவர் வைத்துக்கொண்ட நடைமுறை எளியது. நீ கிறிஸ்தவனா என்று கேட்பார். ஆமாம் என்றால், மரண தண்டனையைச் சொல்லி மிரட்டி இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை கேட்பார். அப்போதும் ஆமாம் என்றால் கொலைக்களத்துக்கு அனுப்பிவிடுவார். ரோமானியக் குடியுரிமை இருந்தவர்களை மட்டும் தலைநகருக்கு அனுப்பக் குறித்து வைத்தார். மற்றவர்களுக்குச் சட்டப்பிரிவு எதுவும் தேவைப்படவில்லை. மாகாணத்தில் ஆளுநர் சொன்னதுதான் சட்டம். அவர் சொல்லும் நியாயம்தான் கவனிக்கத்தக்கது: அவர்கள் ஒத்துக்கொண்டது எதுவாக இருந்தாலும் சரி, அந்தப் பிடிவாதமும் வளையாத அடமும் தண்டிக்கத் தக்கவை என்பதில் தனக்குச் சந்தேகமில்லை என்கிறார். குற்றம் என்ன என்று தெரியாமலே தலை போயிற்று. பிளினியைப் பண்பாளர், மென்மையானவர் என்று பாராட்டுகிறவர்கள் இந்த வரியை வேகமாகக் கடந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

அதோடு முடிந்திருந்தால் டிராஜனுக்குக் கடிதமே போயிருக்காது. விசாரணை நடக்கிறது என்று தெரிந்ததும், எப்போதும் நடப்பது போல, புகார்கள் பெருகின. மொட்டைக் கடுதாசி வந்தது. அதில் பெயர் இருந்தவர்களில் சிலர், நான் கிறிஸ்தவனும் இல்லை, இருந்ததும் இல்லை என்றார்கள். இதைச் சோதிக்கப் பிளினி ஒரு வழி கண்டுபிடித்தார். தெய்வச் சிலைகளையும் டிராஜனின் உருவத்தையும் விசாரணை இடத்துக்கே கொண்டுவரச் சொன்னார். தான் சொல்லச் சொல்லத் தெய்வங்களை வேண்டி, பேரரசரின் உருவத்துக்குத் தூபமும் திராட்சை மதுவும் படைத்து, கிறிஸ்துவைச் சபிக்க வேண்டும். உண்மையான கிறிஸ்தவர்களை இதில் எதையும் செய்யவைக்க முடியாது என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். செய்தவர்களை விட்டுவிட்டார்.

இன்னொரு ரகமும் இருந்தது. துப்புக் கொடுத்தவன் ஒருவன் சொன்ன பெயர்கள். இவர்கள் முதலில் கிறிஸ்தவர்கள்தான் என்று ஒத்துக்கொண்டு, அப்புறம் இல்லை என்றார்கள். இருந்தோம், விட்டுவிட்டோம் என்பது அவர்கள் நிலை. சிலர் மூன்று ஆண்டுக்கு முன்பு, சிலர் இன்னும் பல ஆண்டுக்கு முன்பு, ஓரிருவர் இருபது ஆண்டுக்கு முன்பே விலகியவர்கள். எல்லோரும் படைத்தார்கள், சபித்தார்கள். இவர்களை என்ன செய்வது? பிளினி மாட்டிக்கொண்டது இங்கேதான். கிறிஸ்தவர் என்ற பெயரே குற்றமா, இல்லை அந்தப் பெயரோடு சேர்ந்து நடக்கும் அக்கிரமங்கள் குற்றமா? பெயர் குற்றம் என்றால், பெயரை உதறியவனை விட்டுவிடலாம். அக்கிரமம் குற்றம் என்றால், மனம் மாறியதாலே பழைய கொலைகாரன் தப்ப முடியுமா? வழக்கறிஞர் மூளைக்கு இது உறைத்தது. அதனால்தான் அந்த அக்கிரமங்கள் என்னென்ன என்று கேட்க உட்கார்ந்தார், ஏற்கெனவே சிலரைக் கொன்ற பிறகு.

விலகியவர்கள் சொன்னது

அவர்கள் சொன்னதைப் பிளினி ஒரே மூச்சில் எழுதியிருக்கிறார். குறித்த ஒரு நாளில் விடிவதற்கு முன் கூடுவோம். கிறிஸ்துவைக் கடவுளாக எண்ணி மாறி மாறிப் பாடுவோம். உறுதிமொழி எடுத்துக்கொள்வோம்: குற்றம் செய்வதற்கு அல்ல, திருடுவதில்லை, வழிப்பறி செய்வதில்லை, விபசாரம் செய்வதில்லை, கொடுத்த வாக்கை மீறுவதில்லை, நம்பிக் கொடுத்து வைத்ததைத் திரும்பக் கேட்டால் இல்லை என்பதில்லை. பிறகு கலைந்துபோய், மறுபடி கூடிச் சாப்பிடுவோம். சாதாரணச் சாப்பாடு, தீங்கில்லாதது. நீங்கள் சங்கங்களைத் தடை செய்த பிறகு அதையும் விட்டுவிட்டோம்.

சாதாரணச் சாப்பாடு என்று ஏன் அழுத்திச் சொல்ல வேண்டும்? குழந்தையைக் கொன்று தின்கிறார்கள் என்ற வதந்தி அப்போதே கிறிஸ்தவர்களைப் பற்றி உலவியிருக்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் பதில்.

எனக்கு இந்தப் பட்டியலில் கண் நிற்கும் இடம் கடைசி உறுதிமொழி. களவு, விபசாரம் எல்லாம் பத்துக் கட்டளையிலேயே இருப்பவை. கொடுத்து வைத்ததை இல்லை என்று சொல்லாமை, பத்தில் அப்படியே இல்லாத, மிகவும் உலகியலான ஒரு விஷயம். துறைமுக ஊர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஊர்விட்டு ஊர் போகிறவன் கையிலுள்ள காசையும் சரக்கையும் தெரிந்த ஆளிடம்தான் விட்டுவிட்டுப் போவான். சாட்சி இருக்காது, ஓலை இருக்காது. போன ஊரிலும் திரும்பி வந்த ஊரிலும், கொடுத்ததைக் கொடுத்தபடி திருப்பித் தருகிறவர்கள் என்று பெயரெடுத்த ஒரு கூட்டம் இருந்தால், அதில் சேர ஆட்கள் வருவார்கள். வேதம் தெரிந்து வந்தவர்கள் எத்தனை பேரோ, நம்பகத்தைப் பார்த்து வந்தவர்களும் அத்தனை பேர் இருந்திருக்கலாம் என்பது என் கணிப்பு.

இந்தக் கரையிலிருந்து கிளம்பிய ஒருவரை புதிய ஏற்பாட்டின் அப்போஸ்தலர் நடபடிகளிலேயே பார்க்கலாம். ஆக்கில்லா பொந்து தேசத்து யூதர், கூடாரம் செய்கிறவர். பேரரசர் கிளவுடியுஸ் யூதர்களை ரோமிலிருந்து விரட்டியபோது மனைவி பிரிஸ்கில்லாளோடு கொரிந்துவுக்கு வருகிறார், அங்கிருந்து எபேசு, பின்னர் மறுபடி ரோம். எபேசுவிலும் ரோமிலும் அவர்கள் வீட்டிலேயே சபை கூடியது. தொழில் போகிற வழியில் மதமும் போயிற்று. பவுலோ பித்தினியாவுக்குள் போக முயன்றார். ஆவியானவர் போகவிடவில்லை என்கிறது நடபடிகள். ஆக, பவுல் கால்வைக்காத மாகாணம் இது. ஆனால் பேதுருவின் முதல் நிருபம் (சபைகளுக்கு எழுதிய கடிதம்) பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா என்று பெயர் சொல்லி விளித்துத்தான் தொடங்குகிறது. கொலைகாரனாகவோ திருடனாகவோ பாடுபடாதே, கிறிஸ்தவனாகப் பாடுபட்டால் வெட்கப்படாதே என்றும் அதே நிருபம் சொல்கிறது. பெயரா, குற்றமா என்று பிளினி கேட்ட கேள்வி, குற்றவாளிக் கூண்டின் அந்தப் பக்கத்திலும் கேட்கப்பட்டிருக்கிறது.

இருபது ஆண்டுக்கு முன் விலகியவர்கள் என்றால், சுமார் 92ஆம் ஆண்டிலேயே அந்தக் கரையில் விலகுவதற்கு ஒரு சபை இருந்திருக்கிறது. பேரரசர் டொமிஷியனின் காலம் அது. அப்போது அங்கே துரத்திப் பிடித்ததாகப் பிளினி சொல்லவில்லை. அப்படியானால் இவர்களில் பலர் பயத்தால் மட்டும் போகவில்லை. சலித்துப் போயிருக்கலாம், கல்யாணம் ஆகியிருக்கலாம், யாரோடாவது சண்டை வந்திருக்கலாம். வாசல் இரண்டு பக்கமும் திறந்திருந்த ஒரு குழுவைத்தான் நாம் பார்க்கிறோம். சிங்கத்தின் வாயில் பாடிக்கொண்டே போனவர்களின் கதைகளில் இந்தப் போக்குவரத்து வருவதே இல்லை.

இரண்டு அடிமைப் பெண்கள்

விலகியவர்கள் பேச்சைப் பிளினி முழுதாக நம்பவில்லை. உண்மையைக் கறக்க, இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்தார். அடிமையின் வாக்குமூலம் என்றாலே வதைத்து வாங்குவதுதான் ரோமானிய நடைமுறை. அந்த இருவரும் சபைக்குள் ஊழியக்காரிகள் என்று அழைக்கப்பட்டவர்கள் என்று எழுதுகிறார். கொரிந்துவின் துறைமுகமான கெங்கிரேயாவின் சபையைச் சேர்ந்த பெபேயாளுக்குப் பவுல் கொடுக்கும் அதே பட்டம்தான் இது என்று தோன்றுகிறது.

குடியுரிமைக்காரர்கள் இருந்த ஒரு சபையில், எஜமானுக்குச் சொந்தமான பெண்கள் பொறுப்பில் இருந்திருக்கிறார்கள். நகரசபையில் உட்காரச் சொத்து வேண்டும், கோயில் பூசாரிப் பதவிக்குச் செல்வாக்கு வேண்டும். விடிவதற்கு முன் கூடிய அந்தக் கூட்டத்தில் இரண்டும் தேவைப்படவில்லை. பிளினிக்கு இது வியப்பாகக்கூடப் படவில்லை. வதைத்தும் அவருக்குக் கிடைத்தது, தரங்கெட்ட, அளவு மீறிய ஒரு மூடநம்பிக்கை; வேறொன்றுமில்லை. வதையின்போது அவர்கள் என்ன பேசினார்கள் என்பதை அவர் எழுதத் தேவை என்று நினைக்கவில்லை. அவர் தேடியது சதி. பாட்டும் சாப்பாடும் கிடைத்ததும் ஆர்வம் போய்விட்டது.

உடனே விசாரணையை ஒத்திவைத்துவிட்டு டிராஜனுக்கு எழுதினார். ஆபத்தில் இருப்பவர்களின் எண்ணிக்கைதான் காரணம் என்கிறார்: எல்லா வயதினரும், எல்லா அந்தஸ்துக்காரர்களும், ஆணும் பெண்ணும். நகரங்களில் மட்டுமல்ல, கிராமங்களிலும் வயல்வெளிகளிலும் இந்தத் தொற்று பரவியிருக்கிறது. ஆனால் தடுத்து நிறுத்திச் சரிசெய்யலாம் என்று தோன்றுகிறது.

புகார் யாருடையது?

சரிசெய்யலாம் என்பதற்கு ஆதாரமாக அவர் காட்டுவது சுவையானது. கிட்டத்தட்டக் காலியாகிப்போன கோயில்களுக்கு மறுபடி கூட்டம் வரத் தொடங்கிவிட்டதாம். நீண்ட நாளாக நின்றுபோன சடங்குகள் மீண்டும் நடக்கின்றனவாம். வாங்க ஆளே இல்லாமல் கிடந்த பலி இறைச்சி இப்போது எல்லா இடத்திலும் விற்கிறதாம். கைப்பிரதியில் அந்த இடம் சரியாக இல்லாததால், இறைச்சி அல்ல, பலி மிருகங்களுக்கான தீவனம் என்று படிக்கிறவர்களும் உண்டு. எப்படிப் படித்தாலும் நட்டம் வியாபாரிக்குத்தான்.

ஒரு ஆளுநருக்கு இறைச்சி விலைபோகாத கதை எப்படித் தெரிந்தது? யாரோ வந்து முறையிட்டிருக்கிறார்கள். கிரேக்க நகரங்களில் கோயில் பலியை ஒட்டி ஒரு பொருளாதாரமே இருந்தது: மாடும் ஆடும் வளர்ப்பவன், தீவனக்காரன், மாலை கட்டுகிறவன், பலிக்குப் பிறகு மிஞ்சும் கறியை விற்கிறவன். படைத்த இறைச்சியை வாங்கலாமா, கூடாதா என்று கொரிந்து சபையில் நடந்த சண்டையைப் பவுலின் நிருபத்தில் படிக்கிறோம். அதே கேள்வி கறிக்கடைக்காரனின் கல்லாவில் எப்படித் தெரிந்தது என்பதைப் பிளினியின் வரி காட்டுகிறது. நடபடிகளில் வரும் எபேசுவின் தட்டான் தெமேத்திரியு, நம் பிழைப்புப் போயிற்று என்று ஊரைத் திரட்டியதும் இதே கதைதான். மொட்டைக் கடுதாசி எழுதிய கை இந்த வட்டாரத்தைச் சேர்ந்ததாக இருக்கும் என்று நினைக்கிறேன்; நிரூபிக்க வழியில்லை.

டிராஜனின் பதில்

நீ செய்தது சரி. எல்லோருக்கும் பொருந்தும்படி ஒரே விதி போட முடியாது. அவர்களைத் தேடிப் போகக் கூடாது. யாராவது கொண்டுவந்து நிறுத்தி, உண்மை என்று தெரிந்தால் தண்டிக்க வேண்டும். ஆனால் கிறிஸ்தவன் இல்லை என்று சொல்லி, நம் தெய்வங்களை வணங்கிக் காட்டினால், பழையது எப்படி இருந்தாலும் மன்னித்துவிடலாம். பெயரில்லாமல் வரும் கடுதாசிகளை எந்த வழக்கிலும் ஏற்கக் கூடாது. அது மிக மோசமான முன்மாதிரி, நம் காலத்துக்கு ஒவ்வாதது.

அவ்வளவுதான் பதில். பெயரா, குற்றமா என்ற கேள்வியை நேராகத் தொடாமலே, பெயர்தான் என்று சொல்லிவிட்டார். சதி என்று நினைத்திருந்தால் தேடிப் பிடிக்கச் சொல்லியிருப்பார். குற்றமில்லை என்று நினைத்திருந்தால் விடச் சொல்லியிருப்பார். இரண்டும் இல்லாத இந்த நடுநிலையை 197இல் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் விடாமல் கேலி செய்தார்: தேடாதே என்றால் அவர்கள் நிரபராதிகள், தண்டி என்றால் குற்றவாளிகள், எது உண்மை? தர்க்கமாகப் பார்த்தால் அவர் சொல்வதற்குப் பதிலே இல்லை.

ஆனால் பரவலைப் பொறுத்தவரை இந்தக் குழப்பம் ஒரு ஏற்பாடாகவே வேலை செய்தது என்பது என் வாதம். பகையில்லாத அக்கம்பக்கத்தாரோடு வாழ்ந்த சபைக்கு ஆபத்து குறைவு, ஏனென்றால் அரசு தானாக வராது. புகார் கொடுக்கிறவன் தன் பெயரைப் போட்டு, முன்னால் வந்து நிற்க வேண்டும். பொய் என்று தெரிந்தால் அவனுக்கே வினை. மாட்டிக்கொண்டவன் ஒரு சிட்டிகைத் தூபத்தில் தப்பலாம். தப்பியவன் அப்புறம் கண்ணீரோடு சபைக்குத் திரும்பவும் வரலாம். இந்தப் பொந்து கரையிலேயே அதற்குத் தடயம் உண்டு. சுமார் 170இல் கொரிந்து ஆயர் தியோனீசியு, அமாஸ்திரிஸ் சபைக்கும் பொந்துவின் மற்றச் சபைகளுக்கும் ஒரு கடிதம் எழுதினார். எந்த வகையில் விழுந்தவர்களாக இருந்தாலும் சரி, திரும்பி வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள் என்பது அதில் ஒரு முக்கியமான அறிவுரை. பிளினி முன்னால் சபித்துவிட்டுப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் காலத்திலும் இதே பிரச்சினை ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

கணக்கு இடிக்கிறதே

பிளினி சொல்வதை எவ்வளவு நம்பலாம்? கோயில்கள் காலி, கிராமமெல்லாம் தொற்று என்பது பெரிய வார்த்தை. சமூகவியலாளர் ராட்னி ஸ்டார்க் போட்ட ஒரு பிரபலமான கணக்கு உண்டு. 40ஆம் ஆண்டில் 1,000 கிறிஸ்தவர்கள் என்று வைத்துக்கொண்டு, பத்து ஆண்டுக்கு 40 சதவீதம் என்று பெருக்கினால், 100ஆம் ஆண்டில் 7,500 பேர்தான் வருகிறார்கள். பேரரசு முழுவதற்கும் அவ்வளவு. அதே வேகத்தில் 300ஆம் ஆண்டுக்கு 63 லட்சம். ஏறக்குறைய 6 கோடிப் பேரில் பத்தில் ஒருவர். கணக்கு ஊகம்தான். ஆனாலும் 7,500 பேரை வைத்துக்கொண்டு பொந்துவின் கோயில்களைக் காலி செய்ய முடியாது என்பது புரிகிறது.

பிளினி மிகைப்படுத்துகிறார் என்றே நினைக்கிறேன். அவருக்குக் காரணம் இருக்கிறது: பாதியில் நிறுத்திய விசாரணைக்குப் பேரரசரிடம் நியாயம் சொல்ல வேண்டும், மன்னிப்பு வழியைத் திறந்துவிட்டால் கூட்டம் கூட்டமாகத் திருந்துவார்கள் என்று காட்டவும் வேண்டும். கோயில் வருமானம் குறைந்ததற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கும். பழி சுமத்த ஆள் கிடைத்தால் யார் விடுவார்கள்? ஆனால் முழுக்கப் பொய்யும் அல்ல. பரவல் ஒரே சீராக இருந்ததில்லை. துறைமுகக் கரையில் அடர்த்தி, உள்நாட்டில் வெறுமை. கரையிலிருந்து தள்ளி உள்ளே இருந்த நியோசிசேரியாவுக்கு 240 வாக்கில் கிரகோரி ஆயராக வந்தபோது 17 கிறிஸ்தவர்கள்தான் இருந்தார்கள் என்று பிற்காலப் புனிதர் வரலாறு சொல்கிறது. அவர் இறந்தபோது கிறிஸ்தவர் அல்லாதவர்கள் 17 பேர் என்றும் அதுவே சொல்வதால் எண்ணை நம்ப வேண்டாம். ஆனால் 130 ஆண்டு கழித்தும் பொந்துவின் உள்பகுதியை அப்படி ஒரு காலி நிலமாகக் கற்பனை செய்ய முடிந்திருக்கிறது.

40 சதவீதம் என்றால் மிரளத் தேவையில்லை. ஆண்டுக்கு மூன்றரை சதவீதத்துக்கும் குறைவு. முப்பது பேர் கூடும் ஒரு வீட்டுச் சபைக்கு, ஆண்டுக்கு ஒரு ஆள் கூடினால் போதும். இரண்டு பேர் விலகினால் மூன்று பேர் வர வேண்டும். பிளினியின் முன்னால் வந்து நின்ற முன்னாள் கிறிஸ்தவர்களை இந்தக் கணக்கில் உட்காரவைத்துப் பார்த்தால் படம் தெளிவாகிறது. அற்புதத்தைக் கண்டு ஆயிரம் பேர் ஒரே நாளில் மாறியிருக்கத் தேவையில்லை. அண்ணன் தம்பி, மாமியார், கூடத் தொழில் செய்பவன், அதே வீட்டு அடிமை என்று ஒவ்வொருவராக வந்திருக்கிறார்கள், சிலர் போயிருக்கிறார்கள், வந்தவர்கள் கொஞ்சம் அதிகம்.

அந்தக் கரை பிறகு

பிளினி அநேகமாக அடுத்த ஆண்டே, பதவியில் இருக்கும்போதே இறந்துவிட்டார். அவர் நம்பிய மாதிரி தொற்று நிற்கவில்லை. 140 வாக்கில் சினோப்பைச் சேர்ந்த கப்பல்காரர் மார்சியோன் ரோமுக்கு வந்து, அங்கிருந்த சபைக்கு 2,00,000 செஸ்டர்ஸ் காணிக்கை கொடுத்தார். நிக்கோமீடியாவின் இரண்டாவது கால்வாய்க்கு ஒதுக்கிய அதே தொகை. அவருடைய போதனை பிடிக்காமல் 144இல் சபை அவரை வெளியேற்றியது, பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டது. அதே கரையில் அபோனோதைக்கோஸ் ஊரில் பாம்புத் தெய்வம் ஒன்றை நிறுவிக் குறி சொல்லிச் சம்பாதித்த அலெக்சாந்தர், பொந்து முழுக்க நாத்திகர்களும் கிறிஸ்தவர்களும் நிரம்பிவிட்டார்கள் என்று புலம்பியதாக அங்கத எழுத்தாளர் லூசியன் எழுதுகிறார். தொழில் கெடுகிறவன் குரல் மறுபடியும்.

தேடாதே என்ற டிராஜனின் விதி 250 வரை பெரும்பாலும் தாங்கியது. அந்த ஆண்டு பேரரசர் டெசியுஸ், பேரரசின் மக்கள் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று உத்தரவிட்டார். மதுவை ஊற்று, பலியைச் சுவை, அதிகாரியிடம் கையெழுத்து வாங்கு. எகிப்தின் மணலிலிருந்து இப்படிப்பட்ட பாப்பிரஸ் சான்றிதழ்கள் 40க்கு மேல் கிடைத்திருக்கின்றன. பிளினி ஒரு மாகாணத்தில் கண்டுபிடித்த சோதனை நாடு முழுதுக்குமான சட்டமாயிற்று. படைத்தவர்கள் ஏராளம், காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கியவர்கள் ஏராளம். சில ஆண்டுகளில் அவர்களைத் திரும்பச் சேர்ப்பதா என்ற சண்டையில் சபைகள் பிளந்தன, ஆள் குறையவில்லை.

303 பிப்ரவரி 23 அன்று நிக்கோமீடியாவில் பேரரசர் டியோக்ளீஷியனின் படைவீரர்கள், அரண்மனையிலிருந்து பார்த்தால் தெரியும் உயரத்தில் நின்ற தேவாலயத்துக்குள் புகுந்தார்கள். துணைப் பேரரசர் கலேரியுஸ் கொளுத்தச் சொன்னார். சுற்றிலும் பெரிய வீடுகள், தீ பரவினால் நகரமே போகும் என்று டியோக்ளீஷியன் மறுத்து, கோடரியால் இடிக்கவைத்தார். எட்டு ஆண்டுகள் கிழக்கில் வேட்டை நடந்தது. 311 ஏப்ரல் 30 அன்று அதே நகரத்தில், நோயில் கிடந்த கலேரியுஸின் பெயரில் அரசாணை ஒட்டப்பட்டது: கிறிஸ்தவர்கள் மறுபடி கிறிஸ்தவர்களாக இருக்கலாம், கூடும் இடங்களைக் கட்டிக்கொள்ளலாம், பொது ஒழுங்குக்கு மாறாக எதுவும் செய்யாதவரை. பதிலுக்குப் பேரரசின் நலத்துக்காகவும் தன் நலத்துக்காகவும் தங்கள் கடவுளிடம் அவர்கள் வேண்டிக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருந்தார்.